மூட்டாத தீ: இல்லாமை ஒரு காரணமாகுமா?

கிளர்வூட்டிய கரிப் படுகையில் பிடிக்கும் தீயை யாரும் மூட்டுவதில்லை. தீக்குச்சி இல்லை, மின்பொறி இல்லை, பக்கத்தில் கொதிகலன்கூட இருக்க வேண்டியதில்லை. அச்சகங்களிலும் ஒட்டுநாடா ஆலைகளிலும் பூச்சு ஆலைகளிலும் உலரும் மையிலிருந்தும் பசையிலிருந்தும் எழும் கரைப்பான் ஆவியைக் காற்றோடு உறிஞ்சி, கரி நிரப்பிய பெரிய உருளைகள் வழியே செலுத்துகிறார்கள். ஆவி கரியின் நுண்துளைகளில் தங்கிவிடும். காற்று தூய்மையாகி வெளியே போகும். கரி நிறைந்ததும் நீராவியைப் பாய்ச்சி, தங்கிய கரைப்பானை வெளியேற்றிக் குளிர்வித்து, நீரிலிருந்து பிரித்து மீண்டும் பயன்படுத்துவார்கள். ஒரு படுகை ஆவியைக் கவரும்போது மற்றொன்று நீராவியில் இருக்கும். ஈரமும் நீராவியும் நிறைந்த இந்த ஏற்பாட்டில் தீக்கு இடமேது என்று தோன்றும். ஆனால் வார இறுதியில் நிறுத்திவைத்த புளோயரைத் திங்கட்கிழமை காலை ஓடவிட்டதும் படுகையின் நடுவே கரி கனன்றுகொண்டிருந்தது தெரியவருவது இத்துறைக்குப் புதிதல்ல.

இத்தகைய தீக்குப் பின் எழுதப்படும் விசாரணை அறிக்கையில் காரணம் என்ற தலைப்பின் கீழ் வருபவை பெரும்பாலும் இல்லாதவையே: காற்றோட்டம் இல்லை, படுகையைக் கழுவவில்லை, ஈரம் போதவில்லை, யாரும் பார்க்கவில்லை. இல்லாத ஒன்று, இருக்கிற ஒன்றை உண்டாக்க முடியுமா? இந்தியத் தத்துவ மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதாடிய கேள்வி இது. அந்த வாதத்தில் இரு தரப்பும் அடிக்கடி கையாண்ட எடுத்துக்காட்டும் தீதான்.

முதலில் படுகைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் நல்ல கிளர்வூட்டிய கரியின் உள்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் கரி நுண்துளைகள் மிகுந்தது. ஆவி கவரும் வேலைக்கு அதனால் பெயர்பெற்றது. தமிழகத்தின் கொங்குப் பகுதியிலும் இலங்கையிலும் சுடப்படும் சிரட்டைக் கரியின் ஒரு பங்கு இவ்வகை உருளைகளில்தான் போய் முடிகிறது. ஆவி இந்தப் பரப்பில் ஒட்டும்போது வெப்பம் வெளிப்படும். கரைப்பான் சாதாரணமாகக் குளிர்ந்து நீர்மமாகும்போது விடும் வெப்பத்தைவிட இது கூடுதல். டொலுயீன் போன்ற கரைப்பான்களோடு கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் முதலிய கீட்டோன்களோ கரிப் பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அவை மெல்ல வினைபுரிகின்றன. கரியே அதற்கு வினையூக்கியாகிறது. முதலாவதிலிருந்து டையசிட்டைலும் அசிட்டிக் அமிலமும், இரண்டாவதிலிருந்து அடிப்பிக் அமிலமும் உண்டாகின்றன. இந்த வினைகளும் வெப்பம் உமிழ்பவை. கரியில் இரும்போ கார உப்புகளோ மிகுந்திருந்தால் வேகம் இன்னும் கூடும்.

வெப்பம் உண்டாவதால் மட்டும் தீ வந்துவிடாது. ஓடும் காற்று அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நீராவி விட்டுச்சென்ற ஈரம் ஆவியாகி அதைத் தின்கிறது. உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாக இருக்கும்வரை படுகை அமைதியாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே விதத்தில் வளர்வதில்லை. வெளியேறும் வெப்பம், படுகைக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டின் அளவுக்கு நேர்விகிதத்தில் கூடும். வினையின் வேகமோ வெப்பநிலை பத்துப் பாகை ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் முன்னது பின்னதை எட்டிப்பிடிக்க முடியாது. நிக்கலாய் செமியோனோவ் 1928-இலும், டேவிட் ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி 1939-இலும் இதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். ஃபிராங்க்-கமெனெட்ஸ்கியின் சமன்பாட்டில் குவியலின் தடிமன் இருமடி அடுக்கில் வருகிறது. தடிமன் இரட்டித்தால், ஆபத்தில்லாமல் தாங்கக்கூடிய வெப்ப உற்பத்தி கால்பங்காகக் குறைந்துவிடும். ஒரு பிடி கரி எந்த வெப்பநிலையில் சாதுவாகக் கிடக்குமோ, அதே வெப்பநிலையில் ஒரு மீட்டர் ஆழப் படுகை தீப்பிடிக்கலாம். இரண்டிலும் கரி ஒன்றே, கரைப்பான் ஒன்றே. வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே வேறு.

மிக மோசமான நிலை காற்று முற்றிலும் நின்றுபோவதன்று, பாதி நிற்பது. வேகமான காற்று வெப்பத்தை அள்ளிச் செல்லும். காற்றே இல்லாவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இடைப்பட்ட மெல்லிய காற்று வினைக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டுவரும், வெப்பத்தை எடுத்துச் செல்லாது. உருளையின் சுவரோரம், தாங்குசட்டங்களின் மேல்புறம், கரி அமுங்கி இறுகிய திட்டு, சரியாக மூடாத வால்வு கசியும் பக்கம் ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட மெல்லோட்டம் இருக்கும். தீப்புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

இப்போது காரணத்தைத் தேடலாம். சைவ சித்தாந்தம் கற்றவர்களுக்குப் பழக்கமான பாகுபாடு ஒன்று உண்டு: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கரிப் படுகைத் தீக்குக் கரியும் கரைப்பானும் முதற்காரணம் என்றும், ஆக்சிஜன் துணைக்காரணம் என்றும் சொல்லிவிடலாம். குயவன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் விசாரணைக்காரர்கள் புளோயர் ஓடாததையும் படுகையைக் கழுவாததையும் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

மேற்கில் இதற்கு மிகப் பழைய முன்னோடி அரிஸ்டாட்டில். இருந்தால் ஒரு விளைவையும் இல்லாவிட்டால் எதிர் விளைவையும் தரும் ஒன்றை இரண்டுக்குமே காரணம் என்று சொல்கிறோம் என்று இயற்பியல் நூலின் இரண்டாம் பகுதியில் அவர் எழுதுகிறார். மாலுமி இருந்தால் கப்பல் கரை சேரும். அவன் இல்லாமை கப்பல் உடைவதற்குக் காரணமாகிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில் இன்னும் ஒரு படி முன்னே போனார். ஒரு விளைவின் காரணம் என்பது அதற்கு வேண்டிய எல்லா நிபந்தனைகளின் மொத்தம். அவற்றில் இருக்க வேண்டியவையும் உண்டு, இல்லாதிருக்க வேண்டியவையும் உண்டு. ஒன்றை மட்டும் பொறுக்கிக் காரணம் என்று பெயரிடுவது பேச்சுவழக்கு, அறிவியலன்று என்பது அவர் நிலை. ஜே. எல். மாக்கி 1965-இல் எழுதிய கட்டுரை வீட்டுத் தீயை எடுத்துக்காட்டாகக் கொண்டது. மின்கசிவு மட்டும் வீட்டை எரிக்காது. அருகில் எரிபொருள் இருப்பதும், தானே நீர் தெளிக்கும் கருவி அவ்விடத்தில் இல்லாமையும் சேர வேண்டும். அந்தத் தொகுதி முழுவதும் சேர்ந்தால் தீக்குப் போதும். தொகுதிக்குள் மின்கசிவு தவிர்க்க முடியாத ஓர் உறுப்பு. ஆனால் வீடு எரிவதற்கு அந்தத் தொகுதி ஒன்றுதான் வழி என்பதில்லை. கரிப் படுகையில் இந்த அலசல் அப்படியே பொருந்தும். ஒரு வேறுபாடு: மாக்கியின் வீட்டில் பளிச்சென்று தெரியும் மின்கசிவு ஒன்று இருக்கிறது. படுகையில் அந்த இடத்தில் நிற்கக்கூடிய நிகழ்வே இல்லை. எஞ்சியிருப்பவை எப்போதும் இருக்கும் கரியும் காற்றும் கரைப்பானும், சில இல்லாமைகளும்.

இல்லாமைக்குக் காரணத் தகுதி கொடுக்கக் கூடாது என்று கடுமையாக வாதிட்டவர் சங்கரர். பிரம்ம சூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் பௌத்தரை மறுக்கும் இடத்தில், இன்மையிலிருந்து உண்மை தோன்றுவதை எங்கும் கண்டதில்லை என்பது அவர் வாதம். தோன்றுமானால் எதிலிருந்தும் எது வேண்டுமானாலும் தோன்றலாம். ஓர் இன்மைக்கும் மற்றோர் இன்மைக்கும் வேறுபாடு சொல்ல முடியாதே. அறிவியல் காதுக்கு இது சரியாகவே ஒலிக்கும். படுகையைச் சூடாக்கியது ஆக்சிஜனேற்றம். ஓடாத புளோயர் ஒரு கலோரி வெப்பத்தையும் தரவில்லை.

சங்கரரின் வாதம் வெறும் இயற்கைத் தத்துவத்தோடு நிற்கவில்லை. சமயக் கடமை பற்றிய பெரிய சர்ச்சை ஒன்றில் அது கூர்மையாக வருகிறது. சந்தியாவந்தனம் போன்ற நித்திய கருமங்களை ஒருவர் செய்யாமல் விட்டால் பாவம் உண்டாகுமா? உண்டாகும் என்பது மீமாம்சக வழக்கில் ஊறிய கருத்து. செய்யாமை என்பது ஓர் இன்மை. அதிலிருந்து பாவம் என்னும் உள்பொருள் பிறக்காது என்று கீதை உரையில் சங்கரர் மறுக்கிறார். தைத்திரீய உபநிடத உரையில் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது: செய்யாமை பாவத்தை உண்டாக்குவதில்லை, முன்னமே சேர்ந்திருக்கும் தீவினையின் அடையாளமாக மட்டும் நிற்கிறது. துறவிக்குக் கருமங்கள் தேவையில்லை என்று காட்டும் நோக்கத்தோடு எழுந்த வாதம் இது. இருந்தாலும் விபத்து விசாரணைக்காரர் ஒருவர் இதைப் படித்தால் தலையசைப்பார். சனிக்கிழமை கழுவாமல் விட்ட படுகை பல இடங்களில் வேறொன்றின் அடையாளமாகவே இருக்கிறது: ஆட்குறைப்பு, நீராவிச் செலவை மிச்சப்படுத்தும் ஆணை, பழுதான வால்வுக்கு மாற்று வராத மூன்று மாதம். செய்யாமையைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு ஷிப்ட் பணியாளர் மேல் நிறுத்திவிடும் அறிக்கை, சங்கரர் காட்டிய கேள்வியைக் கேட்காமலே முடிந்துவிடுகிறது.

ஆனாலும் சங்கரரின் மறுப்பு ஓரிடத்தில் போதவில்லை. ஒரே கரி, ஒரே கரைப்பான், ஒரே காற்று. வெள்ளிக்கிழமை தீ இல்லை, ஞாயிற்றுக்கிழமை தீ. இருப்பவை மாறாமல் விளைவு மாறியிருக்கிறது. இதை எப்படி விளக்குவது? நியாயத்துக்கும் மீமாம்சைக்கும் இடையில் நடந்த மணி வாதம் எழுவது இந்தக் கேள்வியிலிருந்துதான். ஒரு குறிப்பிட்ட மணியை, அதாவது இரத்தினக் கல்லைத் தீயின் அருகில் வைத்தால் தீ சுடாது, எடுத்தால் மறுபடி சுடும் என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டு. அப்படி ஒரு மணி உண்டா என்பது வேறு பேச்சு. வாதத்தின் எலும்புக்கூடு அதைச் சார்ந்ததன்று. மணி இருக்கும்போதும் தீ கண்ணுக்கு முன்போலவே இருக்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத சக்தி ஒன்று தீயில் உண்டு; மணி அதைத் தடுக்கிறது என்றனர் மீமாம்சகர். பத்து, பதினோராம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த உதயனர், நியாயகுசுமாஞ்சலியில் இந்தச் சக்தியை மறுத்தார். காணாத ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை; தடையின் இன்மையும் சுடுவதற்கு வேண்டிய காரணங்களில் ஒன்று என்று கொண்டால் போதும். விறகு வேண்டும், தீ வேண்டும், மணி இல்லாமை வேண்டும். மூன்றும் கூடினால் சுடும்.

கரிப் படுகையில் மணியின் இடத்தை ஓடும் காற்றும் ஈரமும் வகிக்கின்றன. வெப்பம் குவிவதைத் தடுப்பவை அவையே. அவை நீங்குவது காரணத் தொகுதியின் கடைசி உறுப்பு நிரம்புவதாகும். உதயனரின் விடையில் உள்ள சிக்கனம் இங்கே பளிச்சிடுகிறது. இல்லாமை வெப்பத்தைப் பிறப்பிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வெப்பத்தைத் தருவது வினை. அது தங்குவதற்கு வேண்டியது வெளியேற்றத்தின் இன்மை. சங்கரர் அஞ்சிய முடிவும் வருவதில்லை, ஏனென்றால் இன்மைகள் எல்லாம் ஒன்றல்ல: எதனுடைய இன்மை என்பதைக்கொண்டு அவை வேறுபடுகின்றன. குளிர்காற்றின் இன்மையும் கூரையின் இன்மையும் வேறு வேறு.

நியாயத்தாரின் கூர்மை அடுத்த தடையில் இன்னும் நன்றாகத் தெரியும். தடை இருக்கும்போதே, தூண்டும் பொருள் ஒன்றைக் கொண்டுவந்தால் தீ மறுபடி சுடுகிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது. மணி இருக்கிறது, ஆனாலும் சுடுகிறது. பிறகு மணியின் இன்மை எப்படிக் காரணம்? தூண்டுபொருள் துணையில்லாத மணியின் இன்மையே காரணம் என்று வரையறையைத் திருத்தினார்கள். பள்ளிக்கூடத்து வாய்ச்சாலம்போல இது ஒலிக்கலாம். படுகையில் இதற்கு நேர்ப்பொருள் உண்டு. டொலுயீனுக்குப் போதுமான ஈரமும் காற்றோட்டமும் இருக்கின்றன. ஒருநாள் ஆலை வேறு பசைக்கு மாறுகிறது, சைக்ளோஹெக்சனோன் வருகிறது. தடை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் வினை அதை மிஞ்சிவிடுகிறது. குளிர்விப்பு இருந்ததே, பிறகு ஏன் எரிந்தது என்று கேட்பவர்களுக்கு விடை அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. கரைப்பானை மாற்றும்போது படுகையின் காற்று வேகம், ஈரம், சுழற்சி நேரம் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்ற நடைமுறை விதியும் இதுவே.

இல்லாமையைக் காரணமாக ஏற்றால் அவை எண்ணில்லாமல் பெருகுமே என்பது நியாயமான எதிர்ப்பு. அன்று மழை பெய்யாததும் பக்கத்து ஊர் தீயணைப்பு வண்டி அங்கே நிற்காததும் காரணங்களா? பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதி, சிவஞான முனிவரால் தமிழுக்கு வந்த தருக்கசங்கிரகம் காரணத்துக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது: விளைவுக்கு முன் தவறாமல் இருக்க வேண்டும், வேறு வகையில் தேவையற்றதாகக் கழிக்கப்பட்டதாக இருக்கக் கூடாது. குயவனின் தகப்பன் குடத்துக்கு முன் இருந்தவன்தான்; மண் சுமந்த கழுதையும் அப்படியே. ஆனாலும் இருவரும் குடத்துக்குக் காரணமல்லர். மழையின்மை இவ்வாறு கழிந்துவிடும். குளிர்காற்றின் இன்மை கழியாது, அதைக் கழித்தால் தீயை விளக்க முடியாது.

எச். எல். ஏ. ஹார்ட்டும் டோனி ஒனரேயும் 1959-இல் வெளியிட்ட, சட்டத்தில் காரணம் பற்றிய நூல் இன்னொரு வடிகட்டியைத் தருகிறது: வழக்கத்துக்கு மாறானதையே காரணம் என்கிறோம். சாதாரண வீட்டுத் தீயில் ஆக்சிஜனைக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. ஆக்சிஜனை விலக்கி நடத்த வேண்டிய ஆலையில் அது கசிந்து தீப்பிடித்தால் ஆக்சிஜனே காரணம். நைட்ரஜனால் கழுவும் படுகையில் காற்றுக் கசிவு காரணம். நீராவியால் கழுவி ஈரம் நிறுத்தும் படுகையில் காற்று பின்னணி, காய்ந்துபோனது காரணம். எது பின்னணி, எது காரணம் என்பதை இயற்கை முடிவுசெய்வதில்லை. அந்த ஆலை எப்படி அமைக்கப்பட்டதோ அது முடிவுசெய்கிறது.

இல்லாதிருக்க வேண்டியது வந்துசேர்ந்து தீயான கதையும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 1995 ஏப்ரலில் கச்சா டர்பன்டைன் தொட்டிகள் வெடித்து எரிந்தன. நாற்றத்தைக் கட்டுப்படுத்தத் தொட்டிகளின் காற்றுப்போக்கியோடு கிளர்வூட்டிய கரி டிரம்கள் இணைக்கப்பட்டிருந்தன. தொட்டியை நோக்கித் தீ திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் கருவி இல்லை. கரி டிரம்களில் எழுந்த வெப்பமே தீக்கு மூலம் என்ற முடிவின் பின்னணியில், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் இதுபோன்ற கரி அமைப்புகளின் தீ ஆபத்தைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு தீங்கைத் தடுக்க வைத்த பொருள் வேறொரு தீங்கின் முதற்காரணமானது, அதோடு ஒரு தடையின் இன்மையும் சேர்ந்தது. மணி வாதக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பொறுப்பு என்று வரும்போது கேள்வி மேலும் குறுகுகிறது. மெக்காலே தலைமையில் 1837-இல் அணியமான இந்தியத் தண்டனைச் சட்ட வரைவின் குறிப்புரை, செய்யாமையை எப்போது குற்றமாகக் கொள்வது என்று நீளமாக ஆராய்கிறது. ஆற்றில் வெள்ளம் பெருகியிருப்பதை வழிப்போக்கனிடம் சொல்லாமல் விட்டவன், அவன் மூழ்கி இறந்தால் கொலைகாரனா? சாதாரண ஆளாக இருந்தால் இல்லை. எச்சரிப்பதற்கென்றே அங்கே நிறுத்தப்பட்டவனாக இருந்தால் ஆம் என்பது வரைவின் விடை. 1860-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் தீ பற்றிய 285-ஆம் பிரிவு, தன் வசமுள்ள தீயையோ எரிபொருளையோ ஆபத்து வராதபடி காக்காமல் கவனக்குறைவாக விட்டுவிடுவதையும், அசட்டையாகச் செய்வதற்குச் சமமாக வைத்தது. திருக்குறள் தெரிந்துசெயல்வகையில் செய்யத் தகாததைச் செய்வதையும் தக்கதைச் செய்யாமையையும் ஒரே கேட்டுக்கு ஆளாக்குவது தமிழருக்குத் தெரிந்ததே. சட்டத்தின் விடையில் ஓர் அடக்கம் இருக்கிறது: இல்லாமை காரணமா என்ற பெரிய கேள்வியை அது தொடுவதில்லை, யாருடைய கடமை என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறது. ஆலைகளில் இதனால் கடமையை எழுதிவைப்பது அலுவலகச் சடங்காக இல்லாமல் காரணத்தையே வரையறுக்கும் வேலையாகிறது. படுகையைக் கழுவி, குளிர்வித்து, வால்வுகளை மூடிய பிறகே புளோயரை நிறுத்த வேண்டும் என்று யார் பெயருக்கும் எழுதப்படாவிட்டால், தீக்குப் பின் கிடைப்பது எவருக்கும் சொந்தமில்லாத ஓர் இல்லாமை.

தீயைத் தடுப்பது என்றால் எதைச் செய்வது என்பதிலும் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. நியாயத்தார் இன்மையை நான்காகப் பிரித்தனர். அவற்றுள் முன்னபாவம் என்பது, ஒன்று தோன்றுவதற்கு முன் இருக்கும் இன்மை. அதற்குத் தொடக்கம் இல்லை. அந்தப் பொருள் தோன்றும்போது முடிந்துவிடும். நேற்றுவரை தீ இல்லாதிருந்தது யாருடைய சாதனையும் அன்று. தொடக்கமே இல்லாத ஒன்றை எந்தச் செயல் உண்டாக்க முடியும்? பாதுகாப்புக்குச் செலவிடும் பணம் எதை உண்டாக்குகிறது என்று கேட்கும் கணக்கர் அறியாமல் எழுப்புவது இந்தக் கேள்வியைத்தான்.

விடை நித்திய கருமம் பற்றிய சர்ச்சையிலேயே இருக்கிறது. நாள்தோறும் செய்யும் கடமையின் பயன் என்ன? புதிதாக எதுவும் கிடைப்பதில்லை, பாவத்தின் முன்னபாவம் காக்கப்படுகிறது என்றனர் ஒரு சாரார். தொடக்கமில்லாததைக் கருமம் எப்படித் தரும் என்ற மறுப்பு உடனே எழுந்தது. பயன் தருவது இருவகை என்று அதற்கு விடை வந்தது: இல்லாததை ஈட்டித் தருவது ஒன்று, இருப்பதை நழுவாமல் காப்பது மற்றொன்று. யோகம், க்ஷேமம் என்னும் பழைய இணையின் பொருளும் இதுவே. காப்பதும் காரணமாதலின் ஒரு வகை என்று ஏற்றால் தடுப்பு வேலையின் இயல்பு தெளிவாகும். ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக அது இருக்கவே முடியாது. முன்னபாவம் ஒவ்வொரு கணமும் முடிந்துபோகக் கூடியது. ஆகவே காப்பதும் ஒவ்வொரு சுழற்சியிலும் நடக்க வேண்டும். உள்ளே வரும் ஆவியின் அடர்த்தியைக் கீழ் வெடிப்பெல்லையின் கால்பங்குக்குக் கீழே வைத்திருப்பது, காற்று வேகம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காமல் பார்ப்பது, நீராவிக்குப் பின் படுகையை முற்றாகக் காயவைக்காமல் ஈரம் விடுவது, கீட்டோன் ஏறிய படுகையை ஒருபோதும் சும்மா நிற்கவிடாதது, நெடுநாள் நிறுத்தும்போது நைட்ரஜன் நிரப்பி இறுக மூடுவது, கரி அமுங்கிய இடத்தைச் சமன்செய்வது எல்லாம் இவ்வகை. எதுவும் புதிதாக ஒன்றைத் தருவதில்லை.

தீ தொடங்கிவிட்டால் காப்பது என்ற வகை முடிந்து அழிப்பது என்ற வகை வருகிறது. அங்கே அரைகுறைத் தடை தூண்டுபொருளாகிவிடும். ஆள்துளையைத் திறந்து பார்த்தால் புதுக்காற்று புகுந்து கனல் சுடராகும். வெண்மையாகச் சுடும் கரிமேல் சிறிது நீர் தெளித்தால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எழலாம். கார்பன் டையாக்சைடும் அந்தச் சூட்டில் கரியோடு சேர்ந்து மோனாக்சைடாக மாறக்கூடும். முழுவதும் மூழ்கும்படி நீர் நிரப்புவதே உறுதியான வழி. நீர் நிறைந்த உருளையின் எடையைத் தாங்கும்படி தாங்குகால்களை முன்கூட்டியே அமைத்திருந்தால்தான் அதுவும் முடியும். தீ அணைந்த பிறகும் உருளைக்குள் இறங்குவது ஆபத்து. ஈரமான கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தானே கவர்ந்துகொள்ளும். மூடிய உருளைக்குள் மூச்சுக்குப் போதுமான காற்று இல்லாமல் போகும்.

எஞ்சியிருப்பது அறிவைப் பற்றிய கேள்வி: படுகையில் தீ இல்லை என்று எப்படித் தெரியும்? மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது இந்தியத் தருக்கத்தின் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. மணிமேகலையின் அளவை விளக்கத்திலும் அது வருகிறது. படுகைக்கு வேண்டியது அதன் மறுபக்கம், அதாவது இல்லாமையை அறிவது. ஏழாம் நூற்றாண்டின் குமாரிலபட்டர் இதற்கு அனுபலப்தி என்னும் தனி அளவையையே ஏற்றுக்கொண்டார். மேசைமேல் குடம் காணவில்லை, ஆகவே குடம் இல்லை. நியாயத்தார் தனி அளவை வேண்டாம் என்றனர். ஆனால் ஒரு நிபந்தனையில் இரு தரப்பும் ஒன்றுபட்டன: இருந்திருந்தால் காணப்பட்டிருக்க வேண்டும். காணத் தகுதியுள்ளதைக் காணாமைதான் இல்லாமைக்குச் சான்று. இருட்டில் குடம் தெரியாதது குடம் இல்லை என்பதற்குச் சான்றன்று.

படுகைக்குள் செருகிய வெப்பமானிகளை இந்த நிபந்தனையோடு பார்க்க வேண்டும். கரி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தீப்புள்ளிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் வெப்பமானி நெடுநேரம் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். பத்து வெப்பமானிகளும் அமைதியாக இருப்பது அவற்றைச் சுற்றியுள்ள இடம் குளிர்ந்திருப்பதையே சொல்லும். வெளியேறும் காற்றில் கார்பன் மோனாக்சைடை அளப்பது இதைவிடத் தகுதியான சான்று, ஏனெனில் எங்கே கனன்றாலும் அதன் மோனாக்சைடு காற்றோடு கலந்து ஒரே வாயில் வழியே வந்தாக வேண்டும். அருகில் ஓடும் லாரிப் புகையும் உலர்த்தியின் பர்னர் புகையும் உள்ளே வரும் காற்றிலேயே கலந்திருக்கலாம் என்பதால், உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் அளந்து வேறுபாட்டைப் பார்க்கிறார்கள். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. புளோயர் நின்ற படுகையிலிருந்து அளவிக்கு எதுவும் வந்துசேராது. ஆபத்து கூடுதலாக இருக்கும் அந்த நேரத்தில் அளவி காட்டும் சுழியம் தீ இல்லை என்பதற்குச் சான்றாகாது. எனவே நிறுத்திய படுகையை மீண்டும் தொடங்கும்போது, கரைப்பான் ஆவியை அனுப்புவதற்கு முன், முதலில் வரும் காற்றில் மோனாக்சைடை அளந்து பார்த்த பிறகே அடுத்த வால்வைத் திறக்கிறார்கள்.